ஆங்கிலேயர் மறந்த தணல்

இங்கிலாந்தில் வெயில் ஒரு விருந்தாளி மாதிரி. எப்போது வரும், வந்தால் எத்தனை நாழிகை தங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே ஜூன், ஜூலை மாதங்களில் ஒரு நாள் வானம் தெளிந்துவிட்டால் போதும், ஊரே பரபரப்படைந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் இருக்கும் சிறு தோட்டத்துக்கு ஓர் இரும்பு அடுப்பை உருட்டிக்கொண்டு வருவார்கள். அதில் மரக்கரியைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். மற்ற நாட்களில் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்க்காத குடும்பத் தலைவர்கூட அன்று இடுப்பில் துணியைக் கட்டிக்கொண்டு, கையில் நீண்ட இடுக்கியுடன் அடுப்பருகே நிற்பார். முகத்தில் ஒரு தளபதியின் கம்பீரம் தெரியும்!

இந்த அடுப்புக்கும் இந்தச் சமையலுக்கும் சேர்த்து "பார்பிக்யூ" என்று பெயர். நம் பாட்டிமார் ஊதுகுழலுடன் போராடிய குமுட்டி அடுப்பின் சீமை உறவினர் என்று இதைச் சொல்லிவிடலாம். அடியில் கரி, மேலே கம்பி வலை. வேண்டுமானால் அதற்கு ஒரு மூடி. அவ்வளவுதான்.

சரி, அதில் என்ன சமைக்கிறார்கள்? கொத்திய இறைச்சியை வட்டமாகத் தட்டிய "பர்கர்", கோழிக்கால், சாஸேஜ், மக்காச்சோளம் இவைதான் வழக்கம். "இதெல்லாம் அமெரிக்காக்காரர்களிடமும் ஆஸ்திரேலியாக்காரர்களிடமும் கற்றுக்கொண்ட வித்தை" என்று எண்ணும் ஆங்கிலேயர் பலர். அவர்களிடம் போய், "உங்கள் நாட்டுப் பழைய சாப்பாட்டை இந்தத் தணலில் சமைத்தால் என்ன?" என்று கேட்டால், "அதற்குத்தான் உள்ளே ஓவன் இருக்கிறதே!" என்பார்கள்.

இங்கேதான் வேடிக்கை இருக்கிறது. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தால், ஆங்கிலேயரின் புகழ்பெற்ற பழைய உணவுகளில் பல தணலில் பிறந்தவை. ஓவனுக்குள் அவை குடிபுகுந்தது நேற்று நடந்தது மாதிரி.

(மாமிசம் உண்ணாத வாசகர்கள் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறோம். அவர்களுக்கும் பந்தியில் இடம் உண்டு.)

பரணில் பிறந்த சொல்

முதலில் பெயரைப் பார்ப்போம். பார்பிக்யூ என்ற சொல் ஆங்கிலச் சொல்லே அல்ல. கரிபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல் அது. கழிகளைக் கட்டித் தரைக்கு மேலே உயர்த்திய தட்டுக்கு அவர்கள் "பார்பகோவா" என்று பெயர் வைத்திருந்தார்கள். நம் ஊர்ப் பரண்தான்! 1526-ல் ஸ்பானியர் ஒவியேடோ எழுதிய நூலில் இந்தச் சொல் வருகிறது. ஆங்கிலக் கடலோடி வில்லியம் டாம்பியர் 1697-ல் வெளியிட்ட பிரயாண நூலிலோ, இரவில் படுத்துறங்கிய பரணுக்கு இந்தப் பெயர் வருகிறது. அடியில் நெருப்பிட்டு மேலே இறைச்சியை வாட்டும் பரணுக்கு அது பெயராகி, பிறகு அந்தச் சமையலுக்கே பெயராகிவிட்டது.

பெயர் கடல் கடந்து வந்தது உண்மை. ஆனால் அந்தப் பெயர் கப்பலேறி வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, இங்கிலாந்தின் பெரிய வீடுகளிலெல்லாம் திறந்த நெருப்பில் இறைச்சி சுட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுட்டதா? வெந்ததா?

"ரோஸ்ட்" என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அந்நாளில் ஒரே பொருள்தான். கொழுந்துவிட்டு எரியும் நெருப்புக்கு முன்னால், இரும்புச் சலாகையில் குத்திய இறைச்சியைச் சுற்றிக்கொண்டே இருந்து சுடுவது. நெருப்புக்கு மேலே அல்ல, முன்னால் என்பதைக் கவனிக்க வேண்டும். உருகும் கொழுப்பு நெருப்பில் விழுந்தால் புகையும் சுவாலையும் கிளம்பி இறைச்சி கரிந்துவிடும். ஆகவே நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். இறைச்சிக்கு நேர் கீழே கொழுப்பைப் பிடிக்க ஒரு தட்டு.

மூடிய அடுப்புக்குள் வைத்து வேகவிடுவதற்கு "பேக்" என்று பெயர். ரொட்டிக்காரன் செய்வது அது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் அந்நாளைய சமையற்காரனுக்கு நன்றாகத் தெரியும். திறந்த நெருப்புக்கு முன் சுழலும் இறைச்சியிலிருந்து கிளம்பும் நீராவியைக் காற்று உடனே கொண்டுபோய்விடும். மேற்புறம் காய்ந்து, சிவந்து, மொறுமொறுப்பாகும். உட்புறம் சாறு வற்றாமல் மெதுவாக இருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த நீராவி போக வழியின்றிச் சுற்றிச் சுற்றி வரும். அப்படியானால் இன்று ஞாயிறுதோறும் ஆங்கிலேயர் பெருமையுடன் "ரோஸ்ட்" என்று பரிமாறுவது, பழைய கணக்கின்படி ரோஸ்டே அல்ல!

1748-ல் சுவீடன் நாட்டுத் தாவர அறிஞர் பெர் கால்ம் அமெரிக்கா செல்லும் வழியில் சில மாதம் இங்கிலாந்தில் தங்கினார். இறைச்சியைச் சுடும் கலையில் ஆங்கிலேயரை மிஞ்ச ஆளில்லை என்று அவர் குறிப்பு எழுதி வைத்தார். அதைத் தாண்டி அவர்களுக்கு அதிகச் சமையல் தெரியாது என்று ஒரு குட்டும் வைக்கத் தவறவில்லை. அதே 1748-ல் ஓவியர் ஹோகார்த், பிரான்ஸின் கலே நகர வாயிலைப் படம் வரைந்துகொண்டிருந்தபோது ஒற்றர் என்ற சந்தேகத்தில் பிடிபட்டார். ஊர் திரும்பியதும் அவர் தீட்டிய படத்தில், மெலிந்த பிரெஞ்சு வீரர்கள் வாயூற நோக்கி நிற்க, ஓர் ஆங்கில விடுதிக்கென வந்த மாபெரும் மாட்டிறைச்சித் துண்டைச் சமையற்காரர் சுமந்து செல்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் ஆங்கிலேயருக்கு வைத்த கேலிப் பெயரே "ரோஸ்பிஃப்" என்பதுதான். கேலிக்குள்ளும் ஒரு மதிப்பு ஒளிந்திருந்தது.

சலாகை சுற்றிய கைகள்

இந்த ருசிக்கு விலை கொடுத்தவர்கள் யார்? லண்டனுக்கு அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் எட்டாம் ஹென்றி மன்னரின் சமையற்கூடம் இன்றும் இருக்கிறது. பெருஞ்சமையலறையில் ஆறு நெருப்பு மாடங்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஆட்கள் நிமிர்ந்து நிற்கலாம். அந்த அனலில் மணிக்கணக்காக நின்று சலாகையைச் சுற்றுவதற்கென்றே ஆட்களும் பையன்களும் இருந்தார்கள். வெப்பம் தாங்காமல் அவர்கள் உடையைக் களைந்துவிட்டு வேலை செய்திருக்கிறார்கள். சமையற்கூடத்துப் பணியாளர்கள் நிர்வாணமாகவோ அழுக்குக் கந்தலுடனோ திரியக்கூடாது என்று 1526-ம் ஆண்டின் அரண்மனை விதிகளில் கட்டளையே இருக்கிறது என்றால், நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

பையன்களுக்குப் பிறகு நாய்கள் வந்தன. குட்டைக் கால்களும் நீண்ட உடலும் கொண்ட ஒரு நாய் இனத்தை இதற்கென்றே வளர்த்தார்கள். சுவரில் உயரே பொருத்திய மரச் சக்கரத்துக்குள் நாயை விட்டுவிடுவார்கள். அது ஓட ஓடச் சக்கரம் சுழலும். சக்கரத்திலிருந்து வரும் கயிறு சலாகையைச் சுற்றும். ஆங்கில நாய்களைப் பற்றி 1576-ல் வெளிவந்த ஒரு நூலே இந்த நாயை வருணிக்கிறது. கடிகாரம் போல் முடுக்கிவிடும் யந்திரங்கள் மலிவானதும் நாய்க்கு வேலை போயிற்று. இன்று அந்த இனமே இல்லை. வேல்ஸில் அபர்கவென்னி ஊர்ப் பொருட்காட்சிசாலையில் பாடம் செய்த ஒரே ஒரு நாய் கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிறது. அதன் பெயர் விஸ்கி!

நெருப்புக்குப் பூட்டு

திறந்த நெருப்புக்கு முதல் எதிரி அதன் பசிதான். அது விழுங்கும் விறகுக்கும் நிலக்கரிக்கும் கணக்கில்லை. வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். அமெரிக்காவில் பிறந்து ஐரோப்பாவில் புகழ்பெற்ற விஞ்ஞானி ரம்ஃபோர்ட் பிரபு, ஆங்கிலச் சமையலறையில் ஒரு கெண்டித் தண்ணீர் கொதிக்க வைக்க எரிக்கும் எரிபொருளில், முறையாகச் செய்தால் ஐம்பது பேருக்கு விருந்து சமைத்துவிடலாம் என்று இடித்துரைத்தார். நெருப்பை மூடி வைக்கும் அடுப்புகளை அவர் வகுத்துக் காட்டினார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வார்ப்பிரும்பு மூடு அடுப்பு வீடுதோறும் நுழைந்தது. அந்நூற்றாண்டின் இறுதியில் காஸ் அடுப்பும் பரவியது.

இதில் லாபம் இல்லை என்று யார் சொல்ல முடியும்? எரிபொருள் மிச்சமாயிற்று. அனலில் வெந்த பெண்களுக்கும் பையன்களுக்கும் விமோசனம் கிடைத்தது. ஆனால் நெருப்பு மூடப்பட்டபோது, நெருப்பைப் பார்த்துச் சமைக்கும் கண்ணும் கூடவே மூடப்பட்டது. எப்போது தள்ளிவைக்க வேண்டும், எப்போது நெருங்க வேண்டும், எந்த நிறத்தில் எடுக்க வேண்டும் என்ற பக்குவம் தலைமுறைக்குத் தலைமுறை குறைந்தது. பிறகு உலக யுத்தம் வந்தது. 1940-ல் தொடங்கிய உணவு ரேஷன் 1954 ஜூலை வரை நீடித்தது. பதினான்கு ஆண்டு! இறைச்சியை எண்ணிச் சாப்பிட்டே ஒரு தலைமுறை வளர்ந்தது. அயல்நாட்டார் ஒரு காலத்தில் மெச்சிய ஆங்கிலச் சமையல், "வேகவைத்துச் சுவையை வடித்துவிடும் சமையல்" என்று ஏளனத்துக்கு ஆளானதில் இவற்றுக்கும் பங்கு உண்டு.

ராணிக்காக ஒரு மாடு

ஆனாலும் பழைய நெருப்பு முற்றும் அணைந்துவிடவில்லை. ஊர்த் திருநாள்களில் முழு மாட்டையே தெருவில் சுடும் வழக்கம் ஆங்கிலேயரிடம் வெகு காலமாக உண்டு. 1684-ம் ஆண்டுக் குளிரில் தேம்ஸ் நதி உறைந்தபோது, அந்தப் பனிக்கட்டியின் மேலேயே நெருப்பு மூட்டி ஒரு மாட்டைச் சுட்டார்கள். நதியின் மேல் நெருப்பு!

1953 ஜூன் 2-ம் தேதி இரண்டாம் எலிசபெத் ராணிக்கு முடிசூட்டு விழா. அப்போது ஒருவருக்கு வாரத்துக்கு இரண்டு ஷில்லிங் மதிப்புள்ள இறைச்சிதான் ரேஷனில் கிடைக்கும். அப்படிப்பட்ட வேளையில் முழு மாட்டைச் சுட அனுமதிப்பதா? உணவு இலாகா ஒரு நிபந்தனை விதித்தது. முந்தைய முடிசூட்டு விழாக்களிலும் தங்கள் ஊரில் மாடு சுட்ட வழக்கம் இருந்தது என்று நிரூபிப்பவர்களுக்கு மட்டுமே அனுமதி! 82 மனுக்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டன. ரேஷன் புத்தகத்தை வைத்துக்கொண்டே ஓர் அரசாங்கம், வழக்கத்துக்காக 82 இடங்களில் நெருப்பு மூட்ட அனுமதித்தது என்றால், அந்த நெருப்பு அவர்கள் மனத்தில் எங்கே இருந்தது என்று தெரிகிறதல்லவா?

மூடி செய்த மாயம்

அதற்கு முந்திய ஆண்டு, 1952-ல், அமெரிக்காவில் சிகாகோ அருகே உலோகத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த ஜார்ஜ் ஸ்டீபன் என்பவர், அரைக்கோள வடிவ இரும்புக் கிண்ணத்தைக் கரி அடுப்பாக்கி, அதற்கு அதே வடிவில் ஒரு மூடியும் போட்டார். காற்றுக்கும் மழைக்கும் அஞ்சாத அடுப்பு அது. மழை நாடான இங்கிலாந்துக்கு இதைவிட ஏற்ற சாதனம் வேறு என்ன வேண்டும்?

இந்த மூடி அடுப்பில் பழைய ஆங்கில விருந்தை ஏறக்குறையப் பழைய முறையிலேயே சமைக்கலாம். சூத்திரம் ஒன்றுதான்: நெருப்பு ஒரு பக்கம், இறைச்சி ஒரு பக்கம். கரி சாம்பல் பூத்துத் தணலானதும் அதை இரு ஓரங்களுக்கும் ஒதுக்கிவிட வேண்டும். நடுவே கீழே ஒரு தட்டு. அதற்கு நேர் மேலே கம்பி வலையில் எலும்புடன் கூடிய மாட்டு விலா இறைச்சி. உப்பும் மிளகும் தடவியிருந்தால் போதும். பிறகு மூடி. ராத்தலுக்குக் கால் மணி என்பது பழைய பாட்டிமார் கணக்கு. இன்றோ குத்திப் பார்க்கும் உஷ்ணமானி வந்துவிட்டது. நடுப்பகுதி 55 டிகிரி சென்டிகிரேடைத் தொட்டால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும் பதம். எடுத்தவுடன் அறுக்கக்கூடாது. இருபது நிமிஷம் மூடிவைத்தால் சாறு உள்ளேயே அடங்கும்.

அந்த இருபது நிமிஷத்தில்தான் யார்க்ஷயர் புட்டிங்! புட்டிங் என்றதும் இனிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். மைதாமாவு 115 கிராம், முட்டை இரண்டு அல்லது மூன்று, பால் ஏறக்குறைய 280 மில்லி, சிறிது உப்பு. இவற்றை நீர்த்த தோசை மாவுப் பதத்தில் கரைத்துக்கொள்ள வேண்டும். தட்டில் சேர்ந்த கொழுப்பை ஓர் இரும்புத் தட்டில் புகை கிளம்பும்படி காய்ச்சி, கரைசலைச் 'சொய்' என்று ஊற்றி, புதிதாகக் கரி சேர்த்து நல்ல சூட்டில் மூடிவிட வேண்டும். பாதியில் திறந்து பார்க்கும் ஆசை கூடாது; அமுங்கிவிடும். முடிந்ததும் திறந்தால் பூரி போல் உப்பி, பொன்னிறத்தில் நிற்கும்.

இந்தப் பண்டமே திறந்த நெருப்பின் குழந்தைதான். 1737-ல் வெளியான ஒரு சமையல் நூலில் இதற்குப் பெயர் "சொட்டுக் கொழுப்புப் புட்டிங்". 1747-ல் ஹன்னா கிளாஸ் அம்மையாரின் நூலில்தான் யார்க்ஷயர் என்ற பெயருடன் வருகிறது. சலாகையில் சுழலும் இறைச்சிக்கு அடியில் இந்த மாவுத் தட்டை வைத்துவிடுவார்கள். சொட்டும் கொழுப்பில் அது வெந்துகொண்டிருக்கும். இறைச்சி வருவதற்கு முன்பே குழம்புடன் இதைப் பரிமாறிவிடுவது ஏழை வீட்டுத் தந்திரம். பாதி வயிறு அதிலேயே நிறைந்துவிட்டால், சிறு துண்டு இறைச்சி எல்லோருக்கும் போதும் அல்லவா?

சணல் சாக்கும் மீனும்

இறைச்சியோடு கதை முடியவில்லை. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் ஆர்பிரோத் என்ற ஊர். அங்கே "ஹாடக்" மீனைத் தலை நீக்கி, உப்பிட்டு, இரண்டிரண்டாக வாலில் கட்டிக் கழியில் மாட்டுவார்கள். நிலத்தில் புதைத்த பீப்பாய்க்குள் கெட்டி மரத்தில் நெருப்பு மூட்டி, மீனைத் தொங்கவிட்டு, மேலே நனைத்த சணல் சாக்கைப் போட்டு மூடுவார்கள். புகையும் ஆவியுமாக ஒரு மணி நேரத்துக்குள் மீன் வெந்து தாமிர நிறம் பெறும். "ஆர்பிரோத் ஸ்மோக்கி" என்ற அந்தப் பெயரை அந்த வட்டாரத்தார் தவிர வேறு யாரும் பயன்படுத்தக்கூடாது என்று 2004-ல் ஐரோப்பியப் பாதுகாப்புக் கிடைத்தது. பக்கத்து நகரமான டண்டிதான் ஒரு காலத்தில் நம் வங்காளத்துச் சணலை நூற்று உலகுக்கு விற்ற ஆலை நகரம். மூடியுள்ள கரி அடுப்பு இருந்தால், மரத் துண்டுகளைத் தணலில் இட்டு இந்தப் புகை மீனை வீட்டிலும் ஒருவாறு செய்து பார்க்கலாம்.

இன்னும் எளிது வேண்டுமா? கானாங்கெளுத்தியின் உறவான "மாக்கெரல்" மீனைக் கீறி, உப்பிட்டு, நேரே தணலின் மேல் வாட்டுவது. நம் அருநெல்லி போல் புளிக்கும் கூஸ்பெரிப் பழத்தை மசித்துத் தொட்டுக்கொள்வது பழைய ஆங்கில வழக்கம். எண்ணெய்ச் சத்துள்ள மீனுக்குப் புளிப்பு வேண்டும் என்பதை மீன்குழம்பு வைக்கும் நம்மவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை! விக்டோரியா ராணி காலத்துக் காலையுணவில், கடுகும் காரமும் தடவித் தணலில் வாட்டிய ஆட்டுச் சிறுநீரகம் பிரசித்தம். அதன் மேல் தெளிக்கும் உஸ்டர் சாஸ் 1837 முதல் விற்பனையாகிறது. அதில் சேரும் சரக்குகளில் ஒன்று நம் புளி.

தோசைக்கல்லின் உடன்பிறப்பு

சைவர்களுக்கும் இடம் உண்டு என்று சொன்னோமே! ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ஏழை வீடுகளில் சலாகை ஏது, மாட்டு விலா ஏது? நெருப்பின் மேல் தொங்கும் ஒரு வட்ட இரும்புக் கல்தான் சமையலறை. நம் தோசைக்கல்லுக்கு உடன்பிறப்பு. ஸ்காட்லாந்தில் ஓட்ஸ் மாவில் உப்பும் வெந்நீரும் சிறிது வெண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, மெல்லியதாகத் தட்டிக் கல்லில் சுடுவார்கள். பிறகு ஓரம் சுருளும்வரை அனலில் காட்டுவார்கள். வேல்ஸில் மாவு, வெண்ணெய், சர்க்கரை, உலர்ந்த சிறு திராட்சை, ஜாதிக்காய்த் தூள் சேர்த்துச் சிறு வட்டங்களாக வெட்டிச் சுடுவது வழக்கம். முட்டை சேர்ப்பவர்களும் உண்டு. கரி அடுப்பின் மேல் ஒரு கனத்த தோசைக்கல்லை வைத்துவிட்டால் இரண்டும் தயார்.

நவம்பர் 5-ம் தேதி இரவு நாடெங்கும் சொக்கப்பனை போல் நெருப்பு மூட்டி வேட்டு விடுவார்கள். 1605-ல் பார்லிமெண்டை வெடிவைத்துத் தகர்க்க நடந்த சதி முறிந்ததன் நினைவு அது. அன்று தணலில் புதைத்துச் சுடும் உருளைக்கிழங்குதான் பிள்ளைகளுக்கு விருந்து. தோல் கருகும், உள்ளே மாவாகப் பூக்கும். வெண்ணெயும் உப்பும் இட்டால் வேறென்ன வேண்டும்? பனிக்காலத்தில் திறந்த வெளியில் நெருப்பைச் சுற்றி நின்று சாப்பிடும் இந்த மக்களா பார்பிக்யூவை அந்நிய நாட்டாரிடம் கற்றுக்கொண்டவர்கள்!

நெருப்போடு விளையாட்டு வேண்டாம்

மறந்த கலையைத் திரும்பப் பிடிக்கும்போது மறந்துபோன எச்சரிக்கைகளையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். சாஸேஜை எடுத்துக்கொள்வோம். கம்பர்லண்ட் வட்டாரத்தில் அது முறுக்கு மாதிரி ஒரே நீளச் சுருள். 2011-ல் அதற்கும் பெயர்ப் பாதுகாப்புக் கிடைத்திருக்கிறது. இரண்டு கம்பிகளைக் குறுக்காகச் செருகினால் சுருள் பிரியாமல் திருப்பலாம். ஆனால் கொழுந்துவிடும் நெருப்பில் வைத்தால் வெளியே கரி, உள்ளே பச்சை! முழுத் துண்டு மாட்டிறைச்சியில் கிருமிகள் பெரும்பாலும் மேற்புறத்தில்தான் இருக்கும். மேலே சுட்டால் அழிந்துவிடும். கொத்திய இறைச்சியில் அவை உள்ளேயும் கலந்துவிடுகின்றன. ஆகவே சாஸேஜும் பர்கரும் நடுப்பகுதியில் 70 டிகிரி சூடு இரண்டு நிமிஷமாவது நிற்கும்படி வேக வேண்டும் என்பது பிரிட்டிஷ் உணவுத் தர இலாகாவின் அறிவுரை. சுவாலை அடங்கி, கரி சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகே சமையலைத் தொடங்க வேண்டும்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மழை வந்துவிட்டது என்றோ குளிர்கிறது என்றோ கரி அடுப்பைக் கூடாரத்துக்குள் கொண்டுபோகிறார்கள். அணைந்ததாகத் தோன்றும் தணலும் கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுக்காற்றைக் கக்கும். அதற்கு மணமில்லை, நிறமில்லை. தூங்கியவர்கள் எழுந்திருக்காமலே போன துயரங்கள் பல நடந்திருக்கின்றன. அடைத்த இடத்தில் கரி நெருப்புக் கூடவே கூடாது. இது சீமைக்கு மட்டுமல்ல, எந்த ஊருக்கும் பொருந்தும்.

காட்டுக்கும் ஆபத்து உண்டு. ஒரு முறை சமைத்து எறிந்துவிடும் தகரத் தட்டு அடுப்புகளால் காய்ந்த புல்வெளிகள் எரிகின்றன. தென் இங்கிலாந்தில் நியூ ஃபாரஸ்ட் வனப்பகுதியில் 2023 ஜூலை முதல் திறந்தவெளி நெருப்புக்கும் பார்பிக்யூவுக்கும் தடை விதித்துவிட்டார்கள்.

கரியும் காடும்

அந்தக் கரி எங்கிருந்து வருகிறது? பிரிட்டனில் எரியும் பார்பிக்யூக் கரியில் பெரும்பகுதி கப்பலில் வந்து இறங்குவது. முன்பு அப்படியில்லை. மரத்தை அடியோடு வெட்டாமல், அடிக்கட்டையை விட்டு வெட்டி, அது மறுபடி துளிர்த்துக் கழியாக வளர்ந்ததும் மீண்டும் வெட்டும் முறை அங்கே ஆயிரம் ஆண்டுக்கு மேல் நடந்தது. வெட்டிய இடத்தில் வெயில் விழும், காட்டு மலர்கள் பூக்கும், பட்டாம்பூச்சிகள் வரும். கரிக்குக் கிராக்கி குறைந்ததும் அந்தத் தோப்புகளைக் கவனிப்பார் இல்லாமல் போயிற்று. தரையில் இருள் மண்டியது. இன்று சில இடங்களில் மறுபடியும் அம்முறையில் வெட்டிக் கரி சுட்டு விற்கிறார்கள். பழைய உணவைப் பழைய நெருப்பில் சமைக்க விரும்புகிற ஆங்கிலேயர், கரியையும் உள்ளூரில் வாங்கினால் கூடவே ஒரு தோப்பும் உயிர் பிழைக்கும்.

அரண்மனைப் பையன்களும் சக்கரத்து நாய்களும் திரும்பி வர வேண்டும் என்று யாரும் விரும்பமாட்டார்கள். அவர்கள் பட்ட பாட்டை இன்று ஒரு மூடியும் ஓர் உஷ்ணமானியும் தீர்த்துவிட்டன. எஞ்சி நிற்பது ருசியும் பக்குவமும்தான். அடுத்த முறை மேகம் விலகும்போது, தோட்டத்து அடுப்பில் பர்கருக்குப் பக்கத்தில் ஒரு விலா இறைச்சியையும், அதன் அடியில் ஒரு மாவுத் தட்டையும் வைக்கும் ஆங்கிலேயர் புதுமை எதையும் செய்துவிடவில்லை. பெர் கால்ம் பார்த்து மெச்சிய சமையலைத்தான் செய்கிறார். மழை வந்தால்? மூடி இருக்கவே இருக்கிறது. தலைக்கு ஒரு குடையும் இருந்துவிட்டால் விருந்து நடக்கும்!